கோடை முடிந்ததை எனக்குச் சொல்வது வைப்பர்தான்

கேள்வி: கோடை போய் இலையுதிர் காலம் வருவதை நீங்கள் முதலில் எதில் கவனிக்கிறீர்கள்?

இலை நிறம் மாறுவதைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும். டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறேன். வாசலில் ஒரு நார்வே மேப்பிள் மரம். செப்டம்பரில் ஏதாவது ஒரு நாள் காலையில் கார் வைப்பரைப் போட்டால் கண்ணாடியில் சரக் சரக்கென்று உரசும். இறங்கிப் பார்த்தால் இடுக்கெல்லாம் மேப்பிள் விதை. மரமோ இன்னும் பச்சையாகத்தான் நிற்கும்.

விதைகள் ஜோடியாகக் காய்க்கும். ஒவ்வொன்றுக்கும் தட்டான் இறக்கை மாதிரி நரம்போடிய ஒற்றை இறக்கை. நார்வே மேப்பிளில் இரண்டு இறக்கையும் முறுக்கு மீசை போல இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். சுகர் மேப்பிளில் லாடம் போல வளைந்து கீழே தொங்கும். இலையைப் பார்த்து எனக்கு இரண்டும் குழம்பும், விதையைப் பார்த்தால் குழம்பாது.

பச்சையாக விழுந்ததை என் மகள் பிளந்து மூக்கில் ஒட்டிக்கொள்வாள். இங்கே பிள்ளைகள் எல்லாரும் செய்வதுதான். காய்ந்ததை மாடியிலிருந்து போட்டுப் பார்த்தோம். ஜோடியாகப் போட்டது தடுமாறி விழுந்தது. பிரித்துப் போட்டதும் ஹெலிகாப்டர் மாதிரி சுற்றிக்கொண்டு மெதுவாக இறங்கியது. ஒரு முனையில் கனம், மறுமுனையில் மெல்லிய இறக்கை, அதனால்தான் சுழல்கிறது. சுழலும்போது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு குட்டிக் காற்றுச் சுழல் உண்டாகித் தூக்கிப் பிடிக்கிறது என்று 2009-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூச்சிகள் பறப்பதிலும் அதே வித்தைதான். நம் முருங்கை விதைக்கும் மூன்று காகித இறக்கை உண்டு. சின்ன வயதில் அதைப் பிய்த்துப் போட்டிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் பறக்கவிட்டுப் பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. வந்த புதிதில், ஜூன் மாதம் நடைபாதை முழுக்க விதை கொட்டிக் கிடந்ததைப் பார்த்து, அதற்குள் கோடை முடிந்துவிட்டதா என்று பயந்துபோனேன். அது சில்வர் மேப்பிள். அது கோடைத் தொடக்கத்திலேயே உதிர்த்துவிடும், விதையும் உடனே முளைக்கும். நார்வே மேப்பிள் விதைக்கு ஒரு குளிர்காலம் பட்டால்தான் முளை வரும்.

போன வசந்தத்தில் கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் தகரத்தைச் சுத்தம் செய்ய ஏணி போட்டு ஏறினேன். மக்கிய இலைச் சேற்றில் வரிசையாக மேப்பிள் கன்றுகள், கீரைப் பாத்தி மாதிரி. கையால் வாரிக் கீழே போட்டேன். ஒன்றை மட்டும் மகள் தயிர் டப்பாவில் நட்டு வைத்திருக்கிறாள்.