பார்கின்சன் வந்த அம்மா சமையலில் தடுமாறுகிறார்: அல்சைமரா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் பார்கின்சன் நோய் என்றார்கள். மாத்திரையில் கை நடுக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் ரசத்துக்குப் புளி கரைக்கும்போது பக்கத்து அடுப்பில் குக்கர் விசில் அடித்தால், அதை அணைத்துவிட்டு வந்து அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். எது கேட்டாலும் பதில் வரத் தாமதமாகிறது. அல்சைமர் தொடங்கிவிட்டதா?

பதில்: நீங்கள் சொல்வதில் அல்சைமரின் சாயல் குறைவு. இது பார்கின்சனோடு சேர்ந்தே வரக்கூடியது. 1817இல் இந்த நோயை விவரித்த ஜேம்ஸ் பார்கின்சன், புத்தி பாதிக்கப்படுவதில்லை என்றே எழுதினார். அது சரியல்ல. நோய் கண்டறியப்படும்போதே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சிந்தனைத் திறனில் லேசான குறை இருக்கிறது.

பார்கின்சனில் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைகிறது. அதனால் கைகால் மட்டும் மந்தமாவதில்லை. மூளையின் முன்பகுதியோடு இணைந்த நரம்புச் சுற்றுகளும் தளர்கின்றன. ஒரு வேலையைப் பாதியில் விட்டு, இன்னொன்றைக் கவனித்து, விட்ட இடத்துக்கே திரும்புவது அந்தச் சுற்றுகளால்தான் நடக்கிறது. இரண்டு அடுப்புச் சமையல் முழுக்க அதுதானே. ரசம் வைக்கும் முறை அம்மாவுக்கு மறக்கவில்லை, வரிசைதான் நழுவுகிறது.

இந்த வித்தியாசத்தை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். மல்லிகை, தவலை, பட்டு, கோயில், சிவப்பு என்று ஐந்து சொற்களைச் சொல்லி, அவரையும் திருப்பிச் சொல்லவையுங்கள். பத்து நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டுக் கேளுங்கள். விட்டுப்போன சொல்லுக்கு "அது ஒரு பூ" என்று அடி எடுத்துக் கொடுத்ததும் மல்லிகை வந்துவிட்டால், சொல் பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் சிரமம். அல்சைமரில் பதிவே சரியாக விழாததால் அடி எடுத்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் வராது. இதை மட்டும் வைத்து நோயை முடிவுசெய்யாதீர்கள். மருத்துவரிடம் சொல்ல உதவும்.

அடுத்து மாத்திரை அட்டையைப் பாருங்கள். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். டிரைஹெக்சிஃபெனிடில் என்று இருக்கிறதா? நடுக்கத்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் நினைவுக்கும் கவனத்துக்கும் தேவையான அசிட்டைல்கோலினின் வேலையை அது தடுக்கிறது. வயதானவர்களுக்கு மறதி, குழப்பம், வாய் உலர்தல், மலச்சிக்கல் எல்லாம் வரலாம். சளிக்கு வாங்கும் குளோர்ஃபெனிரமின், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் ஆகியவையும் இதே வேலையைச் செய்பவை. டிரைஹெக்சிஃபெனிடிலை நீங்களாகச் சட்டென நிறுத்தாதீர்கள். நடுக்கமும் விறைப்பும் திடீரெனக் கூடிவிடும். நரம்பியல் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

இரத்த அழுத்தத்தை ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறையும், எழுந்து நின்ற 1ஆம், 3ஆம் நிமிடங்களிலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், நிற்கும்போது மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது என்று பொருள். அடுப்படியில் வரும் தடுமாற்றத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம் பரிசோதனைகளும் தேவை. தூக்கக் கெடுதியும் மனச்சோர்வும் மறதிபோலவே தெரியும் என்பதால் அவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் 'மோகா' என்ற 30 மதிப்பெண் தேர்வு வைப்பார்கள். பத்து நிமிடம் ஆகும், தமிழிலும் உண்டு. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வையுங்கள். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய முடியாதது, விலங்குகளின் பெயர்களை அடுக்கத் திணறுவது இரண்டையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பார்கின்சன் புதிதாக வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த கேம்பிரிட்ஜ் ஆய்வில், பின்னாளில் டிமென்ஷியா (அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவு அறிவாற்றல் குறைவது) வருவதோடு இவை இரண்டும் தொடர்பு காட்டின.

சமையலை அவரிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். ஒரு நேரத்தில் ஓர் அடுப்பு போதும். புளி, பொடி, பருப்புத் தண்ணீர், தாளிக்கும் சாமான் எல்லாவற்றையும் போடும் வரிசையிலேயே மேடையில் வைத்துக்கொள்ளட்டும். குக்கரைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்ளலாம். கேள்வி கேட்டால் பத்து விநாடி பொறுங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடிக்க வேண்டாம்.

இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது இந்த மெதுவான மாற்றம் இல்லை. சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, புது மருந்து ஆகியவற்றைத் தேடி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முதலிலேயே "பார்கின்சன் நோயாளி, ஹாலோபெரிடால் போடாதீர்கள்" என்று சொல்லுங்கள். குழப்பத்தை அடக்கவென்று போடும் அந்த ஊசி டோபமினைத் தடுத்து உடலை இறுக்கிவிடும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் அப்படித்தான்.