பண்ட் செய்யும்போது பந்து மேலே எழும்புகிறதா?

ஐயா, குடியாத்தத்தில் நீங்கள் பழக்கும் மாணவிகள் பண்ட் செய்தால், அதாவது பேஸ்பால், சாஃப்ட்பால் ஆட்டங்களில் மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டி அருகிலேயே விழவைக்க முயன்றால், பந்து மேலே எழும்பி கேட்ச் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் மட்டையின் தலை கைகளைவிடக் கீழே இறங்குவதுதான் காரணம். தாழ்ந்து வரும் பந்துக்குக் கையை இறக்கக் கூடாது, முழங்காலை மடக்க வேண்டும்.

முதலில் மட்டையே வேண்டாம். மேல் கையில் (மட்டையின் தலைப்பக்கம் பிடிக்கும் கை) கையுறை மாட்டிக்கொண்டு, நீங்கள் மெதுவாகப் போடும் பந்தை உடலுக்கு முன்னால் பிடிக்கட்டும். மட்டையும் அப்படித்தான் பந்தை வாங்க வேண்டும், குத்தக் கூடாது. பிறகு மட்டையைக் கொடுங்கள். மேல் கை விரல்கள் மட்டைக்குப் பின்னாலேயே இருக்கட்டும். முன்பக்கம் சுற்றினால் நசுங்கிவிடும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

அடுத்து, முதல், மூன்றாம் தளக் கோடுகளுக்கு உள்பக்கம் ஈரச் சாக்கை விரித்து, பந்து அதில் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். மே மாதத்தில் நம் வேலூர்ப் பக்கத்து மைதானங்கள் சிமெண்ட் தரைபோல் இறுகிக் கிடக்கும், பந்து நிற்காமல் ஓடும். தண்ணீர் தெளித்துவிட்டு, வெயில் ஏறுமுன் பழகுவது உத்தமம்.

இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் (தவறவிட்ட வாய்ப்புக்கு) பிறகு பண்ட் ஃபவுலானால், அதாவது பந்து தளக் கோடுகளுக்கு வெளியே போனால், அவுட். அந்த நெருக்கடியையும் பயிற்சியிலேயே வைத்துவிடுங்கள்.