அந்த மின்னஞ்சலுக்கு முதலில் பதில் போடுங்கள்

வணக்கம் அக்கா,

எனக்கு வயது 26. வெள்ளவத்தையில் அம்மா, அப்பா, தம்பியோடு இருக்கிறேன். மொறட்டுவையில் சிவில் என்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை செய்கிறேன். அமெரிக்காவில் மேற்படிப்புக்காக ஜி.ஆர்.ஈ. என்ற அனுமதிச் சோதனை எழுதினேன். கணிதத்தில் 165, ஆங்கில மொழிப் பகுதியான வேர்பலில் 148. திரும்ப எழுதுவதா விடுவதா என்று யோசித்து யோசித்து நித்திரை இல்லை.

வேலையிடத்தில் லீவு கேட்டும் தரவில்லை. இரவில் வந்து களைப்போடுதான் படித்தேன். சோதனை நாளில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் கீபோர்டைத் தட்டிய தட்டலில் ஒரு வரியும் மண்டைக்குள் ஏறவில்லை. பெரியம்மாவின் மகன் வேர்பலில் 160 எடுத்தானாம். வீட்டில் இப்போது அதுதான் கதை. "ஏ.எல். முதல் தடவையிலேயே கம்பஸ் போன பிள்ளை, இதில் ஏன் கோட்டை விட்டாய்?" என்று அப்பா கேட்டார். நான் இரவிரவாகப் படித்தது அவருக்குத் தெரியாதா? திரும்ப எழுத 220 டொலர், எங்கள் காசில் அறுபதாயிரத்துக்கு மேல். என் சம்பளம் வீட்டு வாடகைக்கே போய்விடுகிறது. அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை.

நான் நினைத்திருக்கும் மூன்று இடங்களில் இரண்டு ஜி.ஆர்.ஈ. கேட்கின்றன. மற்றதில் அது தேவையில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று பற்றி நான் செய்த ஆய்வை வாசித்துவிட்டு அந்த மூன்றாவது இடத்துப் பேராசிரியர் ஒருவர் ஸூமில் பேசலாமா என்று மின்னஞ்சல் போட்டிருந்தார், நான் இன்னும் பதில் போடவில்லை, இந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு என்ன பேச? அது கிடக்கட்டும். பெரியம்மாவின் மகன் ஆங்கில மீடியம், நான் தமிழ் மீடியம். அதை வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. லீவாவது கிடைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. 148 மிகவும் குறைவா அக்கா? திரும்ப எழுதட்டுமா?

– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

வேலையும் பார்த்து, இரவில் படித்து எழுதியிருக்கிறீர்கள். களைப்பும் கோபமும் நியாயம். லீவு, கீபோர்ட், பெரியம்மாவின் மகன் பற்றி இதற்குமேல் நான் பேசப்போவதில்லை. "அது கிடக்கட்டும்" என்று தாண்டிப் போனீர்களே, எனக்கு அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

ஒரு பேராசிரியர் உங்கள் ஆய்வை வாசித்துவிட்டுப் பேசக் கூப்பிடுகிறார். அவர் புள்ளியைக் கேட்கவில்லை. அங்கே அது தேவையும் இல்லை. இருந்தும் பதில் போகவில்லை. அதற்குக் காரணம் 148 என்கிறீர்கள்; நான் நம்பவில்லை. சோதனையில் குறைந்தால் லீவைச் சொல்லலாம், தட்டல் சத்தத்தைச் சொல்லலாம். நீங்களே நேசித்துச் செய்த ஆய்வைப் பற்றி அரை மணித்தியாலம் பேசிய பிறகு அவர் வேண்டாம் என்றால் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பயம்தான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். யாருக்கும் வரக்கூடிய பயம். பழியை மட்டும் புள்ளியின் தலையில் போடாதீர்கள்.

இதில் உங்களை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். ஏ.எல். இஸட் புள்ளியையும் கம்பஸ் போவதற்கான மாவட்ட வெட்டுப்புள்ளியையும் பார்த்துப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். கொஞ்சம் குறைந்தாலும் கதவு மூடிவிடும்; உங்களுக்கு என்ன தெரியும், எதில் ஆசை என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்படி வளர்ந்தவருக்கு, புள்ளி அனுமதி தராமல் வாய் திறப்பதே குற்றம் மாதிரி இருக்கும். ஆனால் ஜி.ஆர்.ஈ. நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனமே, இந்தப் புள்ளியை மட்டும் வெட்டுப்புள்ளியாக வைத்து ஒருவரை நிராகரிக்கக் கூடாது என்றுதான் பல்கலைக்கழகங்களுக்குச் சொல்கிறது.

அப்பாவின் கேள்வி வலித்திருக்கும், சரி. அந்த மின்னஞ்சல் பற்றி அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே கடிதத்தை வாசிக்கத் தோன்றுகிறது. நீங்கள் காட்டியது ஒரு புள்ளியை. அவர் கேட்டதும் அந்தப் புள்ளியைப் பற்றி. இதில் நான் கொஞ்சம் அப்பாவின் பக்கம்.

திரும்ப எழுதுவதற்கு அவசரமே இல்லை. இப்போதுள்ள புள்ளி 5 வருடம் செல்லும். 21 நாள் இடைவெளி விட்டு, 12 மாதத்துக்குள் 5 தடவை வரை எழுதலாம், எதை அனுப்புவது என்பதும் உங்கள் விருப்பம். ஒளிந்திருக்க இதைவிட வசதியான இடம் இல்லை என்பதுதான் என் கவலை. "இன்னொரு தடவை எழுதிவிட்டுப் பேசுகிறேன்" என்றே ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம். அந்தப் பேராசிரியர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

இன்றிரவே நாலு வரி எழுதுங்கள். பிந்தியதற்கு ஒரு மன்னிப்பு போதும். புள்ளிக் கதை வேண்டாம், அவர் கேட்கவில்லை. அந்தக் கிணறுகளில் என்ன கண்டீர்கள், இனி எதைத் தேட ஆசை என்று எழுதி, நேரம் கேளுங்கள். பேசி முடிந்த பிறகும் மற்ற இரண்டு இடங்களும் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகத் திரும்ப எழுதுங்கள்; கணிதம் நன்றாக இருக்கிறது, படிக்கும் நேரத்தை வேர்பலுக்குக் கொடுங்கள். அந்தக் காசை அப்பாவிடம் கேட்கும்போது பேராசிரியரின் மின்னஞ்சலையும் காட்டிக் கேளுங்கள்.