"ஆம்புலன்ஸ்னா வண்டி இல்ல தம்பி": கர்னல் ரங்கராஜ் பற்றிக் கேள்வி பதில்

நான் ராணுவ மருத்துவப் படையில நர்சிங் அசிஸ்டென்டாச் சேர்ந்து ஹவில்தாராப் பென்ஷன் வாங்கினவன். இப்போ பாளையங்கோட்டை. கொரியப் போர்ல மகாவீர் சக்ரா (போர்க்கால வீரத்துக்கு நாட்டோட ரெண்டாவது பெரிய விருது) வாங்கின டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ் பற்றிப் போன வாரம் ரெண்டு வார்த்தை சொன்னேன், கேள்வியா வந்து குவிஞ்சிட்டு. கேட்டவங்க பேருக்குப் பதிலா ஊரைப் போட்டிருக்கேன். எல்லாருக்கும் ஒரே அளவுல பதில் வராது, முதல்லயே சொல்லிட்டேன்.

வீரவநல்லூர்: அண்ணாச்சி, கொரியாவுல இந்தியா சண்டை போட்டுச்சா?

போடல. துப்பாக்கிப் படை அனுப்ப நேரு ஒத்துக்கிடல. 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் மட்டும் போச்சு. 1950 நவம்பர்ல தென் கொரியாவோட பூசான் துறைமுகத்துல இறங்கினாவ. தளபதி லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். ஒரு பகுதி மேஜர் பானர்ஜியோட டேகு ஊர்ல நின்னு அங்கத்த ஜனங்களுக்கும் வைத்தியம் பார்த்துச்சு. மத்தவங்க ரங்கராஜோட 27வது காமன்வெல்த் பிரிகேடுங்கிற சண்டைப் படை பின்னால போனாவ.

சேரன்மகாதேவி: ஒரு ஆம்புலன்சுக்கு எதுக்கு அண்ணாச்சி இத்தனை பேர்?

இதை மட்டும் நாலு பேர் கேட்டாச்சு. ஆம்புலன்ஸ்னா இங்க வண்டி இல்ல தம்பி. அது ஒரு யூனிட். 300 பேருக்கு மேல. டாக்டர், மயக்க மருந்து குடுக்கறவர், ஸ்ட்ரெச்சர் தூக்கறவர், டிரைவர், சமையல்காரர், கிளார்க் எல்லாரும் அதுக்குள்ள. கூடாரம் அடிச்ச இடத்துலயே வயித்தைக் கிழிச்சு ஆபரேஷன் பண்ணுவாவ.

அம்பாசமுத்திரம்: அந்த ரயில் கதை நிசமா?

நிசந்தான். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும்.

1950 கடைசியில வட கொரியாவுக்கு ஆதரவா சீனப்படை உள்ள இறங்கினதும், தென் கொரியா பக்கம் நின்ன ஐ.நா. படை முழுக்கப் பின்வாங்குது. டிசம்பர் தொடக்கத்துல வட கொரியத் தலைநகர் பியாங்யாங் ஊரையே காலி பண்ணுதாவ. நம்ம ஆட்கள் கிட்ட சாமான் மலை மாதிரிக் கிடக்கு. ஏத்த லாரி கிடையாது. ஆள் மட்டும் தப்பிச்சு வந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாவ. ஆனா கத்தி, ஊசி, மருந்து, ஸ்டெரிலைசர் இல்லாத டாக்டர் யாரு? வேடிக்கை பார்க்கறவன். மறுநாள் அடிபட்டு வாரவனுக்கு எதை வச்சுத் தைக்க?

ரங்கராஜும் ஆட்களும் ஸ்டேஷன்ல ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடிச்சாவ. சாமானை எல்லாம் ஏத்தி, யூனிட் ஆட்களே ஓட்டி, தேதோங் ஆத்துப் பாலத்தைக் கடந்தாவ. கொஞ்ச நேரத்துல அந்தப் பாலத்தை வெடி வச்சுத் தகர்த்துட்டாவ.

வீரம்னு எல்லாரும் குண்டுமழையைத்தான் கேக்கிய. எனக்கு இந்த சாமான்தான் பெரிசு. நான் லடாக்ல இருந்தப்போ ஒரு ராத்திரி சலைன் பாட்டில் உறைஞ்சு போச்சு. கோட்டுக்குள்ள விலாப் பக்கம் வச்சுச் சூடேத்திக்கிட்டே அந்தப் பையன் பக்கத்துல உக்காந்திருந்தேன். டியூபைக் கையால பொத்திக்கிடணும், இல்லைன்னா அதுவும் கட்டியாயிரும். ஒத்தப் பாட்டிலுக்கே அந்தப் பாடு. அவிய ஒரு ஆஸ்பத்திரியையே தூக்கிட்டு வந்தாவ.

கல்லிடைக்குறிச்சி: அவர் நம்ம நெல்லைக்காரரா?

இல்ல. ஏ.ஜி.ல ஏ ஆற்காடு.

களக்காடு: டாக்டர் எதுக்கு பாராசூட்டுல குதிக்கணும்?

அடிபடறவன் குதிச்ச இடத்துலதான கிடப்பான். ரங்கராஜ் ரெண்டாம் உலகப்போர்லயே பாராசூட் பட்டாலியன் டாக்டர். ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் அவரும்தான் பாராசூட்டுல குதிச்ச முதல் இந்தியர்கள். கொரியாவுல 1951 மார்ச் 23, முன்சான்-நி. அமெரிக்காவோட 187வது பாராசூட் படைப் பிரிவு குதிச்சப்போ கூடக் குதிச்ச நம்ம ஆட்கள் 12 பேர், அதுல அவரும் ஒருத்தர். இறங்கின கையோட காயக்காரங்களைப் பார்க்க ஆரம்பிச்சாச்சு.

திசையன்விளை: நான் நர்சிங் அசிஸ்டென்ட் தேர்வுக்குப் படிக்கேன். ஸ்ட்ரெச்சர் தூக்க என்ன பழகணும்?

நல்ல கேள்வி தங்கச்சி! நம்ம ஊர்ல சப்பரம் தூக்கறதைப் பார்த்திருப்ப. எல்லாரும் ஒரே காலை எடுத்து வச்சு, ஆட்டி ஆட்டிக் கொண்டு போவாவ. ஸ்ட்ரெச்சருக்கு அது ஆகாது. நாலு பேரும் ஒரே கால் வச்சா மேல கிடக்கறவன் ஊஞ்சல் ஆடுவான், ஒடிஞ்ச எலும்பு உள்ள குத்தும். அதனால முன்னாடி உள்ளவன் இடது காலை வச்சா பின்னாடி உள்ளவன் வலது காலை வைக்கணும். முழங்காலை மடக்கி, தரையோட தரையா நடக்கணும். வீட்டுல ரெண்டு கம்புல சாக்கைக் கட்டி, நடுவுல தண்ணிக்குடத்தை வச்சுப் பழகு. சிந்தப்பிடாது.

நாசரேத்: துப்பாக்கியே தொடாத ஒரு அமெரிக்க மருத்துவ வீரர் இருந்தாராமே?

டெஸ்மண்ட் டாஸ். 1945ல ஒகினாவாவுல செங்குத்தான பாறை உச்சியில இருந்து சுமார் 75 பேரைக் கயித்துல கட்டி இறக்கினவர். ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரர். உங்க பக்கத்துப் பிரகாசபுரத்துல போய்க் கேளுங்க, அந்த சபை அங்க நூறு வருசத்துக்கு மேல இருக்கு. ஆனா எல்லா மருத்துவ வீரரும் அவரை மாதிரி இல்ல. தன்னையும் நோயாளியையும் காப்பாத்த ஆயுதம் வச்சுக்கிட ஜெனீவா ஒப்பந்தம் இடம் குடுக்கு. எங்களுக்கும் துப்பாக்கிப் பயிற்சி உண்டு.

முக்கூடல்: ரத்தம் பீச்சி அடிச்சா இறுக்கிக் கட்டணுமா?

முதல்ல சுத்தமான துணியை வச்சு முழு பலத்தோட அமுக்கு. கை கால்ல அடிபட்டு, அமுக்கியும் நிக்கலைன்னா மட்டும் காயத்துக்கு மேல அகலமான பட்டையால இறுக்கிக் கட்டு. கட்டின மணியை எழுதி வை. ஆஸ்பத்திரி வரைக்கும் நீயா அவுக்காத.

ஒரு எச்சரிக்கை: பாம்புக்கடிக்கு இப்படிக் கட்டக்கூடாது.

பாப்பாக்குடி: அதெப்படி அண்ணாச்சி? எங்க தாத்தா வயல்ல கடிபட்டு, கயிறு கட்டித்தான் பிழைச்சாவ!

கயிறு கட்டியும் பிழைச்சாவன்னு சொல்லு. கடிக்கிற பாம்பு எல்லாம் விஷப்பாம்பு இல்ல. விஷப்பாம்பும் எல்லாக் கடியிலயும் விஷம் இறக்காது. கயித்தால ரத்த ஓட்டம் நின்னா கால் அழுகும். அவுத்த உடனே தேங்கின விஷம் மொத்தமாவும் ஏறலாம். மோதிரம், கொலுசைக் கழட்டு. கால் ஒடிஞ்சவனுக்குக் கட்டற மாதிரி மட்டை வச்சு அசையாமக் கட்டி, படுக்க வச்சு, நேரா பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. விஷமுறிவு மருந்து அங்க இருக்கு.

மானூர்: கீறி விட்டு ரத்தத்தை உறிஞ்சினா?

கூடாது.

கடையம்: வலியே இல்லைன்னா விஷமில்லைதான?

கட்டுவிரியன் கடிச்சா வலியே தெரியாமப் போகும். தூங்கினவன் எந்திரிக்காமலே போயிருவான். வலி இருந்தாலும் இல்லாட்டாலும் போ.

சுத்தமல்லி: லேசாக் கட்டலாமா?

எடே! ரங்கராஜைப் பற்றிப் பேச வந்தா என்னைப் பாம்புக்காரனா ஆக்கிட்டீங்களே. லேசாவும் வேண்டாம், இறுக்கமாவும் வேண்டாம். பாப்பாக்குடித் தம்பி, உங்க தாத்தா கால் அப்புறம் எப்படி இருந்துச்சு? விசாரிச்சுச் சொல்லு.

வள்ளியூர்: போர் முடிஞ்சு ரங்கராஜ் என்ன பண்ணினார்?

அப்பாடா! பிறகு உலக சுகாதார நிறுவனத்துல சேர்ந்து ஆப்கானிஸ்தான்ல பெரியம்மை ஒழிப்பு வேலை பார்த்தாரு. மலை, பனி, ரோடு இல்லாத ஊர். கொரியா பார்த்தவருக்கு அது புதுசா என்ன?

பாப்பாக்குடி: ஆச்சிகிட்ட கேட்டேன் அண்ணாச்சி. தாத்தாவுக்கு அந்தக் கால்ல ரெண்டு விரல் கிடையாது, சாகற வரைக்கும் நொண்டித்தான் நடந்தாவளாம். பாம்பு விஷம்னுதான் எல்லாரும் நினைச்சோம்.

கண்ணாடி விரியனா இருந்தா விஷமே சதையை அழிக்கும். கயிறாவும் இருக்கலாம். இப்போ யார் கண்டா? எத்தனை மணி நேரம் கட்டியிருந்தாவன்னு ஆச்சிக்கு ஞாபகம் இருந்தாக் கேட்டு வை.

தாழையூத்து: ரங்கராஜ் திருநெல்வேலிக்காரர்தான அண்ணாச்சி?

ஆற்காடு. எனக்கு மாத்திரை போடுத நேரமாச்சு, வாரேன்.