கோணல் கொழுக்கட்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் கணவரும் ஒன்றரை வருடமாக வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. பெங்களூரில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. சனிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு சமையலறையில் ஏதாவது ஆக்டிவிட்டி வைக்கிறேன். பீட்ரூட் சாற்றில் பூரி, கரடி முகத் தோசை, வெண்டைக்காயில் அச்சு. பத்து நிமிடத்தில் இருவரும் எழுந்து ஓடிவிடுகிறார்கள். மிச்சத்தை நானே முடித்துப் படம் எடுத்துவிட்டு, சமையலறையைக் கழுவி விடுகிறேன். மதுரையிலிருந்து வந்திருக்கும் அத்தை, பால் கொடுக்காமல் பிள்ளைகளைக் காயப்போடுகிறேன் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்கிறார். எங்கள் கொள்கையைப் பிள்ளைகள்மேல் திணிக்கிறோமோ என்ற குழப்பமும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யக்கூடிய வீகன் பலகாரங்கள் நான்கைந்து சொல்ல முடியுமா?

எம்.
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள எம்.,

பலகாரக் குறிப்பு கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. யூடியூபில் அதற்கென்றே ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். ஆனால் 'மிச்சத்தை நானே முடித்து' என்று போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான் என்பதால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கொள்கைத் திணிப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைக்குப் பெயர் வைப்பதே திணிப்புதான். சாமி, மொழி, காலை இட்லி எல்லாவற்றையும் திணித்துத்தான் வளர்க்கிறோம். வளர்ந்தபின் ஆம்லெட் சாப்பிட ஆசைப்பட்டால் சாப்பிட்டுக்கொள்ளட்டும். இதில் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

அடுத்து அத்தை. அவர் சொல்வதில் பாதி சரி. கால்சியத்துக்குப் பயப்பட வேண்டாம். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, முளைகட்டி அரைத்தால் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். எள்ளும் முருங்கைக்கீரையும் இருக்கின்றன. ஆனால் பி12 என்று ஒரு வைட்டமின் இருக்கிறதே, அது செடிகொடிகளை நம்பினால் கிடைக்காது. பால், முட்டை, மீன், இறைச்சி இவற்றிலிருந்துதான் மனிதர்களுக்கு வருகிறது. குறைந்தால் ரத்தசோகையோடு நிற்காது, நரம்பையும் பாதிக்கும். வளரும் பிள்ளைகளுக்கு அது விளையாட்டில்லை. ஸ்பைருலினா என்று விற்கும் சுருள்பாசியில் இருக்கிறது என்று உங்கள் வாட்ஸாப் குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி. இவ்வளவு நீளக் கடிதத்தில் பி12 பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கரடித் தோசைக்குப் படம் தேடிய நேரத்தில் குழந்தை மருத்துவரை ஒரு நடை பார்த்திருக்கலாம். இந்த வாரமே போங்கள். என்ன மருந்து, எவ்வளவு என்று அவர் சொல்லட்டும். நீங்கள் இருவரும் கூடவே பரிசோதித்துக்கொள்ளுங்கள். டப்பாவில் வரும் பாதாம் பால் பசும்பாலுக்கு ஈடு என்று நினைத்திருந்தால் அதையும் மறந்துவிடுங்கள், அதில் புரதம் பேருக்குத்தான். பருப்பு, சோயா, சுண்டல் அந்த வேலையைப் பார்க்கும்.

மருத்துவரைப் பார்த்த கையோடு அத்தையிடம் உட்கார்ந்து, அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அக்கம்பக்கத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு டம்ளர் பால் கிடைத்தது என்று கேளுங்கள். வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியதே 1970-இல்தான். காலையில் வாசலில் பாக்கெட் வந்து விழுந்ததெல்லாம் அதற்கும் பிறகு. சண்டைக்காகக் கேட்காதீர்கள். அதுவரை என்ன தின்றார்கள் என்று அவர் சொல்லத் தொடங்கினால் நீங்கள் கேட்ட நான்கைந்து பலகாரமும் அதிலேயே வந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளையார் சதுர்த்தி அன்று ஓர் உறவினர் வீட்டில் இருந்தேன். ஐந்து வயதுப் பையன் மாவை உள்ளங்கையில் தட்டி, பூரணத்தை அள்ளி வைத்து, மூடத் தெரியாமல் மூடி, காதுமடல் மாதிரி ஒன்றைச் செய்து இட்லித் தட்டில் வைத்தான். ஒரு பக்கம் பூரணம் வெளியே தெரிந்தது. அவன் கை கழுவப் போன நேரத்தில் அம்மா அதை எடுத்துப் பிசைந்து, அச்சில் போட்டு அழுத்தி, மற்றவற்றோடு வரிசையில் வைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, வேகும்போது பூரணம் ஒழுகிவிடுமே என்ற கவலை. வெந்து வந்ததும் பையன் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "என்னோடது எது?" "இதுதாண்டா தங்கம்." கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "இது இல்ல" என்று கீழே வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டான். சாயங்காலம் அம்மிணிக் கொழுக்கட்டைக்கு உருட்டக் கூப்பிட்டபோது வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் பொறுமை கிடையாது என்று அங்கே ஒரு பெரியவர் தீர்ப்பு வேறு சொன்னார்.

உங்கள் பிள்ளைகளும் பொறுமை இல்லாமல் ஓடவில்லை. கரடித் தோசையில் அவர்களுக்கு என்ன வேலை, சொல்லுங்கள். மாவு ஊற்றுவது நீங்கள். கரடி எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது எங்கோ இருக்கும் ஓர் இன்ஸ்டாகிராம் அம்மா. கண்ணுக்கு இரண்டு திராட்சை வைப்பது மட்டும் பிள்ளை. அதிலும் ஒரு கண் நெற்றிக்குப் போய்விட்டால் நீங்கள் நகர்த்தி வைப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், படம் எடுக்க வேண்டுமே. வேலை என்றும் சொல்ல முடியாத, விளையாட்டு என்றும் சொல்ல முடியாத இதில் ஒரு பிள்ளை பத்து நிமிடம் உட்கார்ந்ததே உங்கள்மேல் உள்ள பிரியத்தால்.

எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சப்பாத்தி போடும்போது பிள்ளை வந்து நின்றால் ஓர் உருண்டை மாவைக் கிள்ளிக் கொடுப்போம். அது அரைமணி நேரம் உருட்டி, தரையில் தேய்த்து, மாவைக் கருப்பாக்கும். பிறகு அதைக் குப்பையில் போட்டுவிட்டு "நல்லா விளையாடினான்" என்போம். கையைக் கழுவச் சொல்லி, தரையை விட்டு மேசையில் இடம் கொடுத்து, அவன் தேய்த்ததைக் கல்லில் போட்டுச் சுட்டு அப்பாவின் தட்டில் வையுங்கள் என்கிறேன். இலங்கை வரைபடம் போல இருந்தாலும் அவர் அதைத் தின்ன வேண்டும். ஆகா ஓகோ வேண்டாம். உப்பு கம்மி என்றால் உப்பு கம்மி என்று சொல்லட்டும். அடுத்த தடவை மாவு பிசையும்போது உப்பு போட்டாச்சா என்று அந்தப் பிள்ளைதான் உங்களைக் கேட்கும். திருத்தி எழுதுவது, வெட்டி ஒட்டுவது, கண்ணை நகர்த்துவது எதுவும் கூடாது. பிள்ளை தூங்கினபிறகும் கூடாது.

எங்கள் நாகர்கோவில் பக்கம் திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிப்பார்கள். முதல்நாளே சந்தையில் பனங்குருத்தோலை கட்டுக்கட்டாக வந்து இறங்கும். வறுத்த பச்சரிசி மாவு, தேங்காய்த் துருவல், வறுத்து வேகவைத்த சிறுபயறு, சுக்கு, ஏலக்காய், கருப்பட்டிப் பாகு. நீங்கள் விலக்கிய எதுவும் இதில் கிடையாது. ஓலையைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, அதன் மடிப்புக்குள் மாவை அடைத்து, இன்னொரு துண்டால் மூடி, ஓலையிலேயே கிழித்த நாரால் கட்ட வேண்டும். கட்டுவது பிள்ளைகள் வேலை. ஆச்சி எங்கள் முன்னால் நாரைப் போட்டுவிட்டு மாவு பிசையத் திரும்பிக்கொள்வாள், அப்புறம் எட்டிப் பார்க்க மாட்டாள். எனக்கு முடிச்சு நிற்காது. "கட்டு அவுந்தா என்ன செய்ய?" என்றால், "அவுந்தா அவுந்துட்டுப் போகுது மக்கா, பானைக்குள்ளதானே கெடக்கும்" என்பாள். பெரியவர்கள் கட்டியதும் நாங்கள் கட்டியதும் ஒரே பானையில்தான் அடுக்கு. இறக்கியதும் அவரவர் முடிச்சைத் தேடி எடுப்போம். அண்ணன் முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டிருப்பான், அதைப் பிரிக்க அரிவாள்மணை வேண்டும். சித்தி மகளுடையது இழுத்தால் வந்துவிடும் சுருக்கு. ஓலையைப் பிரித்தால் கொழுக்கட்டையின்மேல் ஓலை நரம்பின் கோடுகள் வரிவரியாக விழுந்திருக்கும். என்னுடையதில் பாதிக்குத்தான் கோடு, மீதி பிதுங்கி வெளியே வந்து ஆவியில் நீர்த்துப்போயிருக்கும். மாமா அதை எடுத்துத் தின்றுவிட்டு, அடுத்த வருஷம் நாரைத் தண்ணீரில் நனைத்துக் கட்டு என்று மட்டும் சொன்னார். மிச்ச ஓலை முழுக்க எங்களுக்கு. இரண்டு துண்டை ஒன்றுக்குள் ஒன்று மடித்துக் கோத்து நடுவில் உடைமுள்ளைக் குத்தினால் காற்றாடி. அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடுவோம்.

பெங்களூரில் பனங்குருத்துக்கு எங்கே போவது என்பீர்கள். பூவரசு இலை கிடைத்தால் அதில் மாவை வைத்து மடித்து அவிக்கலாம், மீதி இலையைச் சுருட்டிப் பிள்ளைகள் பீப்பீ ஊதலாம். எதுவும் இல்லையென்றால் வாழையிலையைத் தணலில் வாட்டி மடியுங்கள், கட்ட வாழைநார். இரண்டு கப் மாவுக்கு ஒரு கப் பொடித்த கருப்பட்டி, ஒரு கப் தேங்காய், அரை கப் பயறு. இருபது நிமிடம் ஆவி. கருப்பட்டியைத் துணியில் முடிந்து மூன்று வயதுக்காரனிடம் குழவியோடு கொடுங்கள், அவன் ஒரு பிடி பிடிப்பான். பாகில் மண் இருக்கும், வடிகட்டியே ஆக வேண்டும், அது ஆறியபின் பெண்ணுடைய வேலை. கட்டுவதும் அவள்தான், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நாரைக் கிழித்துக் கொடுக்கட்டும். அடுப்பும் ஆவியும் உங்களுடையது. போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

நான்கைந்து கேட்டதற்கு ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன், இது போதும். கருப்பட்டி வாங்கும்போது மட்டும் ஒரு துண்டை உடைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். சீனி கலந்ததைத்தான் இப்போது நிறைய விற்கிறார்கள்.