விலங்குகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது உண்மையா? அவற்றுக்கு எவ்வளவு அறிவு இருக்கிறது?

குரங்கு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நம்பி ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பறிகொடுத்தவன் நான். அந்தத் தகுதியில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

மலேசியாவின் பினாங்குக்கு வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர்மலை முருகனைப் பார்த்துவிட்டு 513 படியும் இறங்கினால், அதே பக்கம் கொஞ்ச தூரத்தில் தாவரவியல் பூங்கா. 1884-இல் வெள்ளைக்காரன் காலத்தில் உருவானது. பராமரிப்பு அரசாங்கம், ஆட்சி குரங்கு. மலாயில் 'கெரா' என்பார்களே, அந்த நீண்டவால் குரங்குகள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமி கும்பிட்டுவிட்டு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். கையில் சிவப்புப் பிளாஸ்டிக் பை. உள்ளே அர்ச்சனைத் தட்டோடு வந்த வாழைப்பழம், அம்மா கட்டிக்கொடுத்த நாலு வடை. தீனி போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நான் போடவும் இல்லை.

நடைபாதை ஓரத்துக் கல்லில் ஒரு குட்டி உட்கார்ந்திருந்தது. நாங்கள் கிட்டே போனதும் உதட்டைப் பின்னுக்கு இழுத்து அத்தனை பல்லையும் காட்டியது. "மாமா, சிரிக்குது!" என்றாள் சின்னவள். நானும் குனிந்து, அதன் கண்ணைப் பார்த்து, ஈ என்று பல்லைக் காட்டினேன். படம் பிடிக்கப் போனை வேறு எடுத்தேன்.

புதருக்குள்ளிருந்து பெரிய ஆண் ஒன்று வந்தது. சத்தமே இல்லை. வாயை 'ஓ' என்று திறந்து, புருவத்தைத் தூக்கி, கண் இமைக்காமல் என்னைப் பார்த்தது. நானும் பதிலுக்குப் பார்த்தேன். அடுத்த நொடி பை என் கையில் இல்லை. நான் வியந்தது அதற்கப்புறம்தான். கைப்பிடியில் நான் போட்டிருந்த முடிச்சை அது தொடவே இல்லை. பையின் அடியில் நகத்தால் ஒரே கீறல், பழம் தானாக மடியில் விழுந்தது. வடையை முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டுப் போனது. (அம்மாவிடம் இந்தப் பகுதியை இன்றுவரை சொல்லவில்லை.)

வீட்டுக்கு வந்துதான் தேடிப் படித்தேன். இந்த இனக் குரங்குகள் பல்லை இளிப்பது சிரிப்பு இல்லை. "நான் சின்னவன், விட்டுடு" என்று பயந்து பணிவது. வாயைத் திறந்து முறைப்பது மிரட்டல். கண்ணோடு கண் பார்ப்பது சண்டைக்குக் கூப்பிடுவது. சமாதானம் சொல்ல வேண்டுமென்றால் உதட்டைச் சப்புக்கொட்டுவதுபோல் வேகவேகமாக அசைக்கும். அதாவது குட்டி எங்களைக் கண்டு நடுங்கியிருக்கிறது. நானோ பல்லையும் காட்டி, கண்ணையும் எடுக்காமல், "பயமா இருக்கு", "வாடா பார்க்கலாம்" இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறேன். என்னைப் பற்றி அந்தக் குரங்குக் கூட்டம் என்ன நினைத்திருக்கும் என்று யோசித்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆறுதல் ஒன்று உண்டு. பார்பரி குரங்குகளின் முகங்களை மனிதர்களுக்குக் காட்டிச் செய்த ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. பழக்கமில்லாதவர்கள் கோபமான முகத்தையே நட்பான முகம், சும்மா இருக்கும் முகம் என்று குழப்பிக்கொண்டார்களாம். நான் தனி ஆள் இல்லை.

இனி கேள்விக்கு வருகிறேன். பேசிக்கொள்கின்றனவா? செய்தி சொல்லிக்கொள்கின்றன, அதில் சந்தேகமே வேண்டாம். ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் வைத்திருக்கின்றன. ஒலிபெருக்கியில் வெறும் பதிவைப் போட்டுக் காட்டியபோதே, சிறுத்தைக் குரலுக்கு மரம் ஏறின, கழுகுக் குரலுக்கு வானத்தைப் பார்த்தன, பாம்புக் குரலுக்கு எழுந்து நின்று புல்லைத் துழாவின. 1980-இல் வந்த ஆய்வு இது. தேனீ இன்னும் ஒரு படி மேலே. கண்ணுக்கு எதிரில் இல்லாத பூவைப் பற்றிப் பேசும். கூட்டுக்குள் இருட்டில், நேர்மேல் திசையைச் சூரியன் இருக்கும் திசையாக வைத்துக்கொண்டு, எந்தக் கோணத்தில் பறக்க வேண்டும் என்று உடம்பை ஆட்டி ஆடிக் காட்டும். ஆட்டம் நீண்டால் பூ தூரத்தில். இதைப் படித்துச் சொன்ன கார்ல் ஃபான் ஃபிரிஷ்ஷுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லிப் புலம்பவும், நாளைக்கு வரப்போவதைச் சொல்லிக் கடன் கேட்கவும் நம் மொழியால் முடிகிறதே, அந்த மாதிரி எதைச் சேர்த்தாலும் புதுசாக ஒன்று சொல்லிவிடும் மொழி வேறு எந்த விலங்கிடமும் இதுவரை தென்படவில்லை.

அறிவைப் பற்றிக் கேட்டால் என் பதில் கொஞ்சம் வேறு. நாம் அவற்றைப் படிப்பதைவிட அவை நம்மை நன்றாகப் படிக்கின்றன. இந்த விஷயத்தில் என்னை முதலில் நிமிர்ந்து உட்காரவைத்தது ஒரு குதிரையின் கதை.

ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்று ஒரு கணக்கு வாத்தியார். தன் குதிரை ஹான்ஸுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தார். மூன்றும் இரண்டும் எத்தனை என்று கேட்டால் குளம்பால் ஐந்து தட்டு தட்டும். பெர்லினே திரண்டு வந்து பார்த்தது. 1904-இல் ஒரு குழு போட்டு விசாரித்தார்கள். வாத்தியார் ஏமாற்றுகிறார் என்பதற்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர் நிஜமாகவே ஏமாற்றவில்லை, பாவம். பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல்காரர் வந்தார். கேட்பவருக்கே விடை தெரியாத கேள்வியைக் கேட்கவைத்தார். குதிரை திணறியது. கேட்பவரைக் கண்ணில் படாதபடி மறைத்தார். மறுபடி திணறியது. விஷயம் இவ்வளவுதான்: குதிரை தட்ட ஆரம்பித்ததும் கேட்பவர் தலை லேசாகக் குனிந்திருக்கும். சரியான எண் வந்ததும் அவரை அறியாமல் ஒரு மயிரிழை நிமிரும். குதிரை அதைப் பார்த்து நிறுத்திவிடும். ரகசியம் தெரிந்த பிறகு ஃபுங்ஸ்டாலேயே தன் தலையசைவை அடக்க முடியவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

உலகம் இந்தக் கதையை "குதிரைக்குக் கணக்குத் தெரியாது" என்று முடித்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு குழுவே கூடி உட்கார்ந்தும் பார்க்கத் தவறியதைக் குதிரை பார்த்திருக்கிறது. கணக்குப் பாடத்தில் பெயில், ஆள் படிப்பதில் முதல் மாணவன். நாம் வைத்த பரீட்சையில் அது வேறு ஒரு பாடத்தை எழுதிப் பாஸாகியிருக்கிறது.

இப்படிப் பார்க்கப் பழகிவிட்டால் வரிசையாகக் கண்ணில் படும். பாலித் தீவில் உளுவாத்து கோயில் குரங்குகளும் நம் தண்ணீர்மலைப் பக்கத்துக் குரங்குகளும் ஒரே இனம்தான். அங்கே அவை பழத்தைப் பறிப்பதில்லை, மூக்குக்கண்ணாடியையும் போனையும் பறிக்கின்றன. கோயில் ஊழியர் தீனி நீட்டினால்தான் பொருளைத் திருப்பித் தரும். 2021-இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது என்னவென்றால், வளர்ந்த குரங்குகள் நாம் எதற்கு அதிகம் பதறுகிறோமோ அதைத் தேடி எடுக்கின்றன, அதற்குக் கூடுதல் விலையும் கேட்கின்றன. குட்டிகளுக்கு இந்த வியாபாரம் பிடிபடுவதில்லை, பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கின்றன. போனைக் குரங்கு என்ன செய்யப்போகிறது? அதற்குத் தெரிந்தது போன் இல்லை, நம் பதற்றம்.

கென்யாவின் அம்போசெலியில் யானைகளுக்கு மனிதக் குரல்களைப் போட்டுக் காட்டினார்கள். "அதோ பாருங்கள், யானைக் கூட்டம் வருகிறது" என்ற ஒரே வாக்கியம்தான். யானைகளை ஈட்டியால் குத்தக்கூடிய மாசாய் இனத்து ஆண்கள் சொன்னால் கூட்டம் நெருங்கி நின்று பின்வாங்கியது. கம்பா இனத்தவர் தங்கள் மொழியில் சொன்னால் அவ்வளவு பயமில்லை. மாசாய்ப் பெண்களோ சிறுவர்களோ சொன்னாலும் இல்லை. மொழி, ஆணா பெண்ணா, வயது, மூன்றையும் காதாலேயே பிரித்துவிட்டன. நானோ பினாங்கில் பிறந்து வளர்ந்தும், பக்கத்து மேசைச் சீனர்கள் பேசுவது ஹொக்கியனா கண்டோனீஸா என்று இன்றும் சில நேரம் தடுமாறுகிறேன்.

பூனையைக் கேட்கவே வேண்டாம். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' சொல்லிக்கொள்வது அபூர்வம். அது பெரும்பாலும் நமக்கென்றே வைத்திருக்கும் குரல். நாசி கண்டார் சோற்றுக் கடையில் காலைச் சுற்றி வந்து ஒரு துண்டு மீனுக்கு ஒன்பது முறை கூப்பிடும் பூனை, பக்கத்துப் பூனையிடம் அந்தச் சொல்லை வீணாக்காது.

நாம் தப்பாகப் படிப்பதற்கு இங்கேயே ஓர் உதாரணம் உண்டு. பேராக்கில் செகாரி காட்டை ஒட்டிய செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்குள் 'பெரோக்' குரங்குகள், தென்னை மரம் ஏறப் பழக்குவார்களே அந்தக் குட்டைவால் இனம், கூட்டமாக வரும். செம்பனைப் பழம் தின்னும் திருடர்கள் என்றுதான் தோட்டக்காரர்கள் விரட்டினார்கள். எங்கள் ஊர் அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள். பழம் தின்பது நிஜம், ஆனால் கொஞ்சம்தான். மரத்தண்டில் வெட்டிய மட்டைகளின் அடிப்பக்கத்துப் பொந்துகளில் ஒளிந்திருக்கும் எலிகளை அவை தேடிப் பிடித்துத் தின்கின்றன. ஒரு கூட்டம் வருடத்துக்குச் சுமார் 3000 எலி. குரங்கு தவறாமல் வந்துபோகும் இடத்தில் எலித்தொல்லை 75 விழுக்காட்டுக்கு மேல் குறையும் என்று 2019-இல் எழுதினார்கள். சம்பளம் வாங்காமல் வேலை செய்தவனைத் திருடன் என்று அடித்து விரட்டியிருக்கிறோம்.

கடைசியாகக் காக்கா. இதற்காகத்தான் பதிலையே எழுத ஆரம்பித்தேன்.

மலேசியாவின் வீட்டுக் காக்கா நம்மைப் போலக் கப்பலேறி வந்த இனம். 1890-களில் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழு விழுந்தபோது, அதைத் தின்னட்டும் என்று துரைமார்கள் சிலோனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். காப்பி நொடித்தது, கித்தா (ரப்பர்) வந்தது, காக்கா தங்கிவிட்டது. இப்போது சில நகராண்மைக் கழகங்கள் துப்பாக்கிக்காரர்களை வைத்துச் சுடுகின்றன. வேலைக்குக் கூட்டிவந்து, வேலை முடிந்ததும் தொல்லை என்பது. எங்கோ கேட்ட கதை மாதிரி இல்லை?

எங்கள் அடுக்குமாடியின் கார் பார்க்கில் ஓர் அங்சானா மரம். போன வருடம் மே மாதம் பறக்கத் தெரியாத காக்காக் குஞ்சு ஒன்று அடியில் கிடந்தது. பூனை ஒன்று சுற்றிக்கொண்டிருந்ததால், துண்டால் குஞ்சைப் பிடித்து மதில் மேல் வைத்தேன். நல்லதுதான் செய்தேன். தாயும் தகப்பனும் அப்படி நினைக்கவில்லை. மறுநாளிலிருந்து காலையில் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் ஒன்று என் தலையை உரசிக்கொண்டு பறக்கும், இன்னொன்று கிளையிலிருந்து திட்டும். வேறு யாரையும் ஒன்றும் செய்யவில்லை. காவலுக்கு இருக்கும் நேப்பாளத் தம்பிக்கு அது தினசரிப் பொழுதுபோக்கு.

ஹெல்மெட்டைத்தான் அடையாளம் வைத்திருக்கின்றன என்றார் மச்சான். என் நீல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவரே கீழே போய்ப் பார்த்தார். திட்டு விழுந்தது. "பார்த்தியா?" என்று வெற்றியோடு வந்தார். சாயங்காலம் நான் வெறுந்தலையோடு குப்பை போடப் போனேன். எனக்கும் விழுந்தது. ஹெல்மெட்டும் தெரிந்திருக்கிறது, மூஞ்சியும் தெரிந்திருக்கிறது.

அமெரிக்காவின் சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் இதையே முறையாகச் செய்தார். 2006-இல் குகை மனிதன் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காக்காவைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள். அதற்கப்புறம் அந்த முகமூடியோடு யார் வளாகத்தில் நடந்தாலும் திட்டுதான். வேறு முகமூடி போட்டால் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வருடக்கணக்கில் இது தொடர்ந்ததோடு, பிடிபடாத காக்காக்களும் சேர்ந்துகொண்டன. சேதி பரவியிருக்கிறது. இவ்வளவு ஞாபகம் உள்ள காக்கா வம்சத்தில், நம் ஊர் வீட்டுக் காக்கா, குயில் வந்து தன் கூட்டில் முட்டை போட்டுவிட்டுப் போனால் அதைத் தன் பிள்ளை என்று ஊட்டி வளர்க்கிறது. ஆகவே "எவ்வளவு அறிவு?" என்று கேட்டால் படி போட்டு அளந்து சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டு வாக்கில் ஆடி அமாவாசை வந்தது. அப்பா இறந்து நாலு வருடம். அம்மா படையல் போட்டு முடித்து, வாழை இலைத் துண்டில் சோறும் வடையும் வைத்துப் பால்கனி விளிம்புக்குக் கொண்டுபோனார். நிர்வாகம் பறவைக்குத் தீனி வைக்கக்கூடாது என்று சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறது. அம்மாவுக்குத் தமிழ் சுற்றறிக்கை மட்டும்தான் படிக்க வரும். நானும் பக்கத்தில் நின்றேன். "கா... கா..." என்று கூப்பிட்டார். எதிர்க் கூரையில் இரண்டு உட்கார்ந்திருந்தன. சோற்றைப் பார்த்தன, என்னைப் பார்த்தன. ஒன்று கழுத்தை நீட்டி என்னைத் திட்ட ஆரம்பித்தது.

அம்மா என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ கொஞ்சம் உள்ள போய்யா. நீ நின்னா அப்பா எப்படி வருவாரு?"

உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் விளிம்புத் தகரத்தில் நகம் கீறும் சத்தம் கேட்டது.