இன்கா பாதை: கணவாய்க்கு முன் பள்ளத்தாக்கு

கேள்வி: எனக்கு 54 வயது, மனைவிக்கு 50, மகளுக்கு 23. வரும் ஜூன் மாதம் பெரு நாட்டில் 11 நாட்கள் செலவிட இருக்கிறோம். முதல் நாள் லிமாவிலிருந்து விமானத்தில் குஸ்கோ, இரண்டாம் நாள் வானவில் மலை, மூன்றாம் நாள் முதல் வழிகாட்டியுடன், மச்சு பிச்சு என்ற பழைய இன்கா நகர் வரை நான்கு நாள் இன்கா பாதை நடைபயணம், அதன் பிறகு ஓய்வாக ஒயன்தாய்தாம்போ, பீசாக், குஸ்கோ இடிபாடுகள் என்று திட்டமிட்டிருக்கிறோம். மூவரும் நாள்தோறும் 5 கிலோமீட்டர் நடக்கிறோம். மனைவி ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். நாங்கள் சைவம். இந்தத் திட்டம் எங்களுக்கு ஏற்றதா? பயண நிறுவனத்திடம் எவற்றைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்?

பதில்: பார்க்க வேண்டிய இடங்களை நன்றாகவே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், அவற்றின் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. நடைபயணத்துக்குப் பிறகு ஓய்வாகப் பார்க்கலாம் என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் இடிபாடுகள்தாம் உண்மையில் அந்த நடைபயணத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் படிக்கட்டுகள். அவற்றை முன்னால் கொண்டுவந்து, வானவில் மலையை நீக்கிவிட்டால், அதே 11 நாட்களில் உங்கள் பயணம் பெரும்பாலும் நலமாக முடியும்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குஸ்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். கடற்கரை நகரான லிமாவில் ஏறி, ஒன்றரை மணி நேரத்துக்குள் அதைவிட 700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இறங்கிவிடுகிறீர்கள். எவ்வளவு உயரம் போனாலும் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. குறைவது காற்றின் அழுத்தம். அதனால் குஸ்கோவில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். இன்கா பாதையின் மிக உயரமான இடமான வார்மி வாஞுஸ்கா கணவாயில், அதாவது 4,215 மீட்டரில், அது சுமார் 60 சதவீதமாகக் குறைகிறது. இதற்கு ஈடுகொடுக்க உடல் முதலில் வேகமாக மூச்சுவிடுகிறது. அதனால் ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. கூடிய காரத்தைச் சிறுநீரகங்கள் மெல்ல வெளியேற்றிய பிறகே மூச்சு தடையின்றி ஆழமாகிறது. இந்த வேலைக்குச் சில நாட்கள் தேவை. தினமும் 5 கிலோமீட்டர் நடக்கும் பழக்கம் கால்களுக்கும் இதயத்துக்கும் உதவுமே தவிர, இந்தச் சில நாட்களைச் சுருக்கித் தராது. நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள் வேகமாக ஏறிவிட்டு மாலையில் தலைவலியோடும் வாந்தியோடும் கூடாரத்தில் முடங்குவது அங்கே வழக்கமான காட்சி; உங்கள் மூவரில் மகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். வானவில் மலையோ 5,000 மீட்டருக்கும் மேலானது. இரண்டாம் நாளில் அங்கே போவது, காய்ச்சல் வரும் என்று தெரிந்தே மழையில் நனைவதைப் போன்றது.

ஆகவே குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் நகரில் தங்காமல், காரில் ஏறி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் புனிதப் பள்ளத்தாக்கில் உள்ள ஒயன்தாய்தாம்போவுக்குப் போய்விடுங்கள். அதன் உயரம் சுமார் 2,800 மீட்டர்; குஸ்கோவை விட 600 மீட்டர் தாழ்வு. முதல் மூன்று இரவுகளையும் அங்கேயே கழிக்கலாம். வந்த நாளில் இன்கா காலத் தெருக்களில் மெதுவாக நடப்பதைத் தவிர எதுவும் வேண்டாம். இரண்டாம் நாள் ஊருக்கு மேலே உள்ள படித்தளங்களில் ஏறுங்கள். உச்சியில், முடிக்கப்படாத சூரியன் கோயிலின் ஆறு இளஞ்சிவப்புக் கற்பலகைகள் நிற்கின்றன; அவை ஆற்றுக்கு எதிர்ப்புறம் உள்ள மலையில் வெட்டப்பட்டு, கீழே இறக்கப்பட்டு, ஆற்றைக் கடந்து, மீண்டும் மேலே ஏற்றப்பட்டவை. வந்து சேராமல் வழியிலேயே நின்றுவிட்ட கற்களை உள்ளூர் மக்கள் ‘களைத்த கற்கள்’ என்கிறார்கள். மூச்சு வாங்கி நிற்கும்போது அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். மூன்றாம் நாள் பீசாக்குக்குப் போய், இடிபாடுகளின் மேல் வாயில் வரை வாடகைக் காரில் ஏறி, அங்கிருந்து படித்தளங்கள் வழியாகக் கால்நடையாக ஊருக்கு இறங்குங்கள்; இன்கா படிகளில் இறங்கும்போது முழங்கால் எப்படி வலிக்கும் என்பதை அன்றே தெரிந்துகொள்வது நல்லது.

நான்காம் நாள் மொராய் வட்டப் படித்தளங்கள், மாராஸ் உப்புப் பாத்திகள், 3,760 மீட்டர் உயரத்தில் உள்ள சின்செரோ ஊர் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே மாலையில் குஸ்கோ சேருங்கள். ஐந்தாம் நாள் நகருக்கு மேலே உள்ள சக்சாய்வாமான் கோட்டையும் நகருக்குள் உள்ள இன்கா சூரியன் கோயிலான கோரிகாஞ்சாவும் போதும். கோரிகாஞ்சாவின் சுவர்மேல் ஸ்பானியர்கள் எழுப்பிய மடத்தின் பல பகுதிகள் 1950ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் விழுந்தன. உள்ளே மறைந்திருந்த இன்கா சுவர்கள் அசையாமல் வெளிப்பட்டன. உள்நோக்கிச் சாய்ந்த சுவர்களையும், மேலே குறுகும் வாயில்களையும் இங்கே கவனித்துக்கொண்டால், பாதையில் வரும் ஒவ்வொரு இடிபாட்டையும் வழிகாட்டி சொல்லாமலே ஓரளவு படித்துவிடலாம். ஒயன்தாய்தாம்போ, பீசாக், மொராய், சின்செரோ, சக்சாய்வாமான் ஆகிய அனைத்துக்கும் பத்து நாட்கள் செல்லுபடியாகும் ஒரே சுற்றுலாச் சீட்டு இருக்கிறது; கோரிகாஞ்சாவுக்கும் மச்சு பிச்சுவுக்கும் அது செல்லாது. ஜூன் 24 அன்று சக்சாய்வாமானில் ‘இந்தி ராய்மி’ என்ற இன்கா சூரிய விழா நடப்பதால், அந்த வாரத்தில் விடுதி கிடைப்பது கடினம். ஆறாம் நாள் ஓய்வு. ஏழாம் நாள் நடை தொடங்கட்டும்.

இனி நடையைப் பற்றி. பெரும்பாலோர் ஏறத்தாழ 43 கிலோமீட்டர் என்ற தூரத்தைப் பார்த்து நாளுக்குப் பத்துப் பதினொரு கிலோமீட்டர்தானே என்று கணக்குப் போடுகிறார்கள். இன்காக்களிடம் சக்கர வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை. மனிதக் காலுக்கும் அவர்களின் சுமை விலங்கான யாமாவின் காலுக்கும் போடப்பட்ட பாதை வளைந்து வளைந்து ஏற வேண்டிய தேவை இல்லாததால், சரிவு செங்குத்தான இடங்களில் கற்படிகளாக நேரே ஏறி நேரே இறங்குகிறது. எனவே தூரத்தை மறந்து உயரத்தைக் கணக்கிடுங்கள். நடையின் முதல் இரவு சுமார் 3,000 மீட்டரில். இரண்டாம் நாள் 1,200 மீட்டர் ஏறி 4,215 மீட்டர் கணவாயைக் கடந்து, 600 மீட்டர் இறங்கிப் பக்காய்மாயோவில் தங்கல். மூன்றாம் நாள் ஏறத்தாழ 3,950 மீட்டரில் இன்னொரு கணவாய், பிறகு 2,650 மீட்டரில் உள்ள விஞாய் வாய்னா வரை நீண்ட இறக்கம். மூன்றாம் நாளின் இறக்கம்தான் ஐம்பதைக் கடந்த முழங்கால்களைச் சோதிப்பது. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளில் ஏறுவதைப் போலவே இறங்கியும் பழகுங்கள். ஊன்றுகோல் இரண்டு தேவை. கற்படிகள் தேயாமல் இருக்க அவற்றின் முனைக்கு ரப்பர் மூடி போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த மூன்றாம் நாள்தான் இடிபாடுகளின் நாளும்கூட: வட்ட வடிவ ருங்குராக்காய், ஒடுங்கிய படிக்கட்டு ஒன்றால் மட்டுமே ஏறக்கூடிய சாயக்மார்க்கா, இன்றும் கல் வாய்க்கால்களில் நீர் ஓடும் புயுபதமார்க்கா, கடைசியில் விஞாய் வாய்னாவின் படித்தளங்கள். என் கணிப்பில் மச்சு பிச்சுவை விட விஞாய் வாய்னாவில் கழிக்கும் அந்தி நேரம் மேலானது, கூட்டம் இல்லாத ஒரே காரணத்துக்காகவாவது.

உங்கள் வழிகாட்டி வலியுறுத்தாமல் விடக்கூடிய ஒன்றை நான் வலியுறுத்துகிறேன். உயர நோய்க்கு உறுதியான மருத்துவம் கீழே இறங்குவதுதான். பக்காய்மாயோ முகாமோ இரண்டு கணவாய்களுக்கு நடுவே ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பதைப் போல இருக்கிறது. அங்கே இரவில் நோய் முற்றினால், இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறித்தான் ஆக வேண்டும். இந்தப் பகுதியில் சுமை விலங்குகளுக்கும் அனுமதி இல்லை. மனிதர்கள்தாம் தூக்கிச் செல்ல வேண்டும். ஆகவே முடிவெடுக்கும் இடம் வார்மி வாஞுஸ்காவின் அந்தப் பக்கம் அன்று, இந்தப் பக்கம். நடையின் இரண்டாம் நாள் காலையில் மூவரில் எவருக்காவது தலைவலியோடு குமட்டலோ, தலைச்சுற்றலோ, இயல்புக்கு மீறிய சோர்வோ இருந்தால் கணவாயை நோக்கி ஏறக் கூடாது. நேர்க்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க முடியாத தள்ளாட்டமும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலும் இருமலும் உயிருக்கு ஆபத்தான நிலையின் அடையாளங்கள். அவற்றைக் கண்டால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. இரவில் மூச்சு சில நொடி நின்று மீண்டும் ஆழமாக வருவது மட்டும் அந்த உயரத்தில் இயல்பானது. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

உடல் பழகுவதை விரைவுபடுத்த அசெட்டசோலமைடு மாத்திரை தரப்படுகிறது. வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை, உயரம் ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. அது சிறுநீரைப் பெருக்கும், விரல் நுனிகளில் கூச்சம் தரும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரைப் பெருக்குபவை, சில இதயத் துடிப்பைக் குறைப்பவை. ஆகவே உங்கள் மனைவி தம் மாத்திரையின் பெயரைச் சொல்லி மருத்துவரிடம் ஆலோசிக்காமல் இதைத் தொடங்கக் கூடாது. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விடுதிகளில் கொடுக்கும் கோக்கா இலைத் தேநீரைக் குடித்துப் பார்க்கலாம். ஆனால் அது மருந்துக்கு மாற்றாகாது, குடித்த சில நாட்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் கோகெய்ன் என்று காட்டவும் கூடும். கோக்கா இலை இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பொருள் என்பதால் ஓர் இலைகூடப் பெட்டியில் வரக் கூடாது.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவற்றில் முதலாவது அனுமதிச்சீட்டு. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இந்தப் பாதையில் நுழையவே முடியாது. வழிகாட்டிகள், சமையல்காரர்கள், சுமைதூக்குவோர் அனைவரும் சேர்ந்து நாளுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, அதில் பயணிகள் 200 பேர் அளவில்தான் இருப்பார்கள். ஜூன் மாதச் சீட்டுகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். சீட்டு கடவுச்சீட்டு எண்ணோடு பிணைக்கப்பட்டது, பிறர் பெயருக்கு மாற்ற முடியாது; இடையில் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் நிறுவனத்துக்கு உடனே தெரிவித்து, பழையதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஆக்சிஜன் உருளையும் விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டரும் குழுவோடு வருமா, 8 பேருக்கு மேல் போனால் இரண்டாவது வழிகாட்டி உண்டா, ஒருவர் திரும்ப வேண்டி வந்தால் அவருடன் யார் இறங்குவார் என்பவை. மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை: சுமைதூக்குவோருக்கு எவ்வளவு எடை? சட்டப்படி உச்சவரம்பு 20 கிலோ. அவர்களுக்கு உறங்குமிடமும் உணவும் கம்பளியும் எப்படித் தரப்படுகின்றன என்று கேட்டால் தடுமாறும் நிறுவனம், உங்கள் விஷயத்திலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். உங்கள் பங்குக்கு, உறங்கும் பை உட்பட ஆளுக்கு 7 கிலோவுக்கு மேல் அவர்களிடம் தராதீர்கள். ஜூன் இரவுகளில் உறைநிலைக்குக் கீழே குளிர் போகும் என்பதால் உறங்கும் பையில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம்; உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் கினுவாவும் விளையும் மண் அது. ஆனால் அங்கே ‘கார்னே’ (இறைச்சி) என்றால் பலருக்கு மாட்டிறைச்சி மட்டுமே நினைவுக்கு வரும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னவருக்குக் கோழி வேகவைத்த சாற்றில் சூப் வைத்துத் தருவார்கள். கோழியும் மீனும் அவற்றின் சாறும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுத்தில் கொடுங்கள். முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

இன்கா பாதைக்கு அனுமதிச்சீட்டு கிடைக்காவிட்டால் நிறுவனங்கள் சல்கான்தாய் பாதையைப் பரிந்துரைக்கும். பனிமலைக் காட்சி அற்புதம்தான். ஆனால் அதில் முதல் இரவே சுமார் 3,900 மீட்டரில் தங்கி, மறுநாள் 4,600 மீட்டரைத் தாண்ட வேண்டும், வழியில் இன்கா கட்டடங்களும் குறைவு. சோக்கெக்கிராவ் இடிபாடுகள் மிகச் சிறந்தவை. அங்கே போக அபுரிமாக் ஆறுவரை ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்கி, அதே அளவு மறுபுறம் ஏறி, திரும்பும்போது இரண்டையும் மறுபடி செய்ய வேண்டும் என்பதால் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இடிபாடுகளே உங்கள் நோக்கம் என்றால், ரயில் தடத்தின் 104ஆம் கிலோமீட்டரில் தொடங்கும் குறுகிய இன்கா பாதைக்குச் சீட்டு கேளுங்கள். அதன் உச்ச உயரம் 2,700 மீட்டர் அளவுதான். விஞாய் வாய்னாவும் சூரிய வாயிலான இந்தி புங்குவும் அதிலும் உண்டு. நடையின் இரண்டாம் நாள் காலையில் உங்கள் மனைவிக்கு ஏற வேண்டாம் என்று தோன்றும் சாத்தியம் இருப்பதாக நினைத்தால், தொடக்கத்திலேயே இதைத் தேர்ந்தெடுப்பதில் குறைவு எதுவும் இல்லை.

பத்தாம் நாள் மச்சு பிச்சுவை அடையும்போது கால்கள் கெஞ்சும். அன்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, அடிவாரத்தில் உள்ள அகுவாஸ் கலியெந்தெஸில் தங்கி, தனிச் சீட்டு வாங்கிப் பதினோராம் நாள் காலை மீண்டும் ஏறுங்கள். நேரமும் சுற்றுப்பாதையும் சீட்டிலேயே குறிக்கப்படுவதால் அதையும் முன்பே வாங்க வேண்டும். அங்கிருந்து குஸ்கோவுக்கு நேரடிச் சாலை இல்லை, பெரும்பாலோர் ரயிலில்தான் வெளியேறுகிறார்கள் என்பதால், ஊர் திரும்பும் விமானத்தை அதே நாளில் வைக்காமல் பன்னிரண்டாம் நாளில் வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: பெருவிலிருந்து இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும்; சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது.